மணலும் கோலப்பொடியும்: ஒரு பெட்டிக்குள் சுமத்ரா

பூமியின் மேலோடு பெரிய பெரிய துண்டுகளாக, அதாவது தட்டுகளாக, நகர்ந்துகொண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இந்தப் புவித்தட்டு எல்லைகள் மூன்று வகை என்று மூன்று படம் போட்டிருப்பார்கள். முதல் படத்தில் இரண்டு அம்புக்குறிகள் ஒன்றையொன்று பார்த்திருக்கும், இரண்டாவதில் எதிரெதிராக விலகும், மூன்றாவதில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் மலேசியாவில் எங்கள் பினாங்கிலிருந்து நீரிணையைத் தாண்டினால் வருகிற சுமத்ராவையும், அதற்கு வடக்கே கிடக்கிற அந்தமான் கடலையும் இந்த மூன்று படத்தில் எதற்குள் அடைப்பது? அங்கே மூன்றுமே இருக்கின்றன, பக்கத்துப் பக்கத்தில், பெரும்பாலும் ஒரே தட்டின் ஒரே நகர்வால். அதைக் கையால் இழுத்துக் காட்டுகிற மாதிரி ஒரு மணல்பெட்டி செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. செய்தாயிற்று. எப்படிச் செய்தேன், என்ன தெரிந்தது, மணலில் எது தெரியவே தெரியாது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன், வேறு யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

முதலில் ஏன் மணல் என்று சொல்லிவிடுகிறேன். மலை எப்படி மடிகிறது என்று மேசைமேல் செய்து பார்க்கும் பழக்கம் இருநூறு வருடம் பழையது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால் துணிகளை அடுக்கி, மேலே ஒரு கதவை வைத்துப் பாரம் ஏற்றி, இரண்டு பக்கமும் பலகையால் நெருக்கினார், துணி அலை அலையாக மடிந்தது. அப்புறம் களிமண், மெழுகு என்று ஒவ்வொருவராக முயன்றார்கள். 1937-ல் ஹப்பர்ட் என்கிற அமெரிக்கப் புவியியலாளர்தான் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார்: நீளத்தை லட்சம் மடங்கு குறைத்தால் பாறையின் உறுதியையும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால், நாம் கல் என்று நினைப்பது காய்ந்த மணல் அளவுக்குப் பலவீனமான பொருளாகிவிடுகிறது. அதனால் மணல் வெறும் விளையாட்டுப் பொருள் இல்லை, 1 செ.மீ. மணலை 1 கி.மீ. புவியோடாகத் தைரியமாகப் படிக்கலாம். கல்லூரி ஆய்வகங்களிலும் இன்றைக்கு இதையேதான் செய்கிறார்கள், அவர்களிடம் மோட்டாரும் கேமராவும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டிக்கு அக்ரிலிக் வேண்டும். ஜெலுத்தோங் பக்கம் விளம்பரப் பலகை செய்கிற கடையில் வெட்டி மீந்த துண்டுகள் மூலையில் கிடக்கும், தவுக்கேயிடம் (கடை முதலாளி) கேட்டால் எடை பார்த்து ஒரு விலை சொல்வார். 5 மி.மீ. தடிமன் இருந்தால்தான் மணலின் பாரத்துக்கு வயிறு தள்ளாது. நீளம் 90 செ.மீ., அகலம் 25, உயரம் 20. இரண்டு நீளப் பக்கமும் அக்ரிலிக், அடியும் இரண்டு முனைகளும் பிளைவுட். ஒரு முனைப் பலகையின் அடியில் மட்டும் அகலம் முழுக்க 2 மி.மீ. இடுக்கு விட வேண்டும். இந்த இடுக்குதான் பெட்டியின் உயிர். மேசைமேல் விரிக்கிற தடித்த பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைப் பெட்டியின் அடியில் விரித்து, அதன் முனையை இந்த இடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்து, ஒரு மர உருளையில் சுற்றிக் கைப்பிடி போட்டுவிட்டால், மோதலில் இன்னொன்றின் அடியில் நுழைந்து கீழே போகிற தட்டு தயார். இடுக்கின் உள்பக்கம் பழைய வெல்வெட் துணியை ஒரு பட்டையாக ஒட்டினால் மணல் கசியாது.

மணலுக்கு மீன்தொட்டிக் கடையில் கிடைக்கிற நைஸ் சிலிக்கா மணல் நல்லது. கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கும், பினாங்கின் காற்றில் ஒரே ராத்திரியில் ஈரம் பிடித்துக்கொள்ளும். வாங்கிய மணலையும் பெரிய வாணலியில் போட்டு நன்றாக வறுத்து, ஆறியதும் மூடி வைத்துக்கொள்ள வேண்டும். ஈரமான மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு செங்குத்தாக நிற்கும், அப்போது கணக்கெல்லாம் கெட்டுவிடும். பயன்படுத்துவதற்கு முன் ஒரு கை அள்ளிக் கொட்டிப் பாருங்கள், குவியலின் சரிவு சுமார் 30 பாகை வந்தால் சரி, அதைவிடச் செங்குத்தாக நின்றால் மறுபடி வாணலிக்குப் போக வேண்டியதுதான். சலிக்கும்போது முகமூடி கட்டாயம். சிலிக்காத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பிள்ளைகளை அந்த நேரம் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுக்குகள் கண்ணுக்குத் தெரிய வண்ணம் வேண்டுமே. அதற்கு லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்கு முன்னால் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற கோலப்பொடியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து நறநறவென்று இருக்கிற வகையாக எடுங்கள், மாவு கலந்தது கட்டிதட்டும். மணலைக் கொட்டக்கூடாது, சல்லடையில் போட்டு ஒரே உயரத்திலிருந்து தூவ வேண்டும். தூவிய மணல் நெருக்கமாக உட்காரும், எல்லா இடத்திலும் ஒரே உறுதியோடு இருக்கும், கொட்டிய மணல் அப்படி இருக்காது, ஓர் இடத்தில் இளகி இன்னோர் இடத்தில் இறுகி, பிளவுகள் அந்தக் கோளாறைப் பின்பற்றிப் போய்விடும். அரை செ.மீ. மணல், அதன்மேல் மெல்லியதாக ஒரு தூவல் சிவப்பு, மறுபடி மணல், ஒரு தூவல் நீலம், இப்படியே 3 செ.மீ. வரைக்கும்.

முதல் ஓட்டம் நேருக்கு நேர் மோதுகிற எல்லை. கைப்பிடியை மெதுவாகச் சுற்றினேன். ஷீட் மணலைச் சுமந்துகொண்டு பலகையை நோக்கிப் போகிறது, ஷீட் இடுக்குக்குள் நுழைந்துவிடுகிறது, மணலால் நுழைய முடியாது. முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அக்ரிலிக்கோடு முகத்தை ஒட்டிப் பார்த்தால் பலகைக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு கொஞ்சம் தடித்திருப்பது தெரியும். அப்புறம் திடீரென்று ஒரு கோடு முறிகிறது. அடியிலிருந்து சாய்வாக மேலே ஏறுகிற ஒரு பிளவு, அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்த இன்னொன்று, நடுவில் உள்ள மணல் முக்கோணமாக மேலே எழும்புகிறது. சிவப்பின்மேல் நீலம் இருந்த இடத்தில் இப்போது நீலத்தின்மேல் சிவப்பு. பழைய பாறை புதிய பாறையின்மேல் ஏறி உட்காருவது என்று படித்ததை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னும் சுற்றினால் அதே பிளவு வளர்ந்துகொண்டே போகாது. ஓர் அளவு உயர்ந்ததும் அது ஓய்ந்துவிடும், அதற்கு முன்னால், மணல் தட்டையாக இருக்கிற இடத்தில், புதுப்பிளவு ஒன்று பிறக்கும். பழையது பின்னால் தள்ளப்பட்டு மெல்ல நிமிரும். துடைப்பத்துக்கு முன்னால் மணல் குவிகிற மாதிரி ஓர் ஆப்பு உருவாகிறது, அதன் மேல்சரிவு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வந்ததும், எவ்வளவு மணல் வந்து சேர்ந்தாலும் ஏறக்குறைய அதே கோணத்தில்தான் வளர்கிறது. அடியில் உள்ள ஷீட் வழவழப்பாக இருந்தால் சரிவு குறைவு, சொரசொரப்பாக இருந்தால் அதிகம். ஷீட்டின்மேல் மணல்தாள் ஒட்டி மறுபடி ஓட்டினால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள் (படிவம் மூன்று) கேட்டாள், “மாமா, புது மலை ஏன் எப்பவும் முன்னாடியே வருது?” நல்ல கேள்வி. பின்னால் உள்ள குவியலை இன்னும் உயர்த்துவதைவிட முன்னால் உள்ள தட்டையான மணலை உடைப்பது சுலபம், அதனால்தான். இமயமலையிலும் இதே வரிசைதான். உயர்ந்த மலைகளுக்குக் கீழே இருக்கிற மையப் பிளவு மூத்தது, அதற்குத் தெற்கே எல்லைப் பிளவு இளையது, கடைசியாகச் சமவெளியின் ஓரத்தில் சிவாலிக் குன்றுகளைத் தூக்கிக்கொண்டிருக்கிற முகப்புப் பிளவுதான் எல்லாவற்றுக்கும் இளையது, இன்றைக்கும் வேலை செய்கிறது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டு ஆகிறது. எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரினங்களின் புதைபடிவம் உள்ள சுண்ணாம்புப்பாறை இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், பெட்டியின் அடியில் கிடந்த சிவப்புப் பொடி குவியலின் மேலே வந்து எட்டிப் பார்ப்பதைக் காட்டிவிட்டுச் சொன்னால் நம்புகிறார்கள்.

நமக்கு இன்னும் கிட்டே உள்ள உதாரணம் நியாஸ், சிமெலுவே, மென்தாவாய்த் தீவுகள். சுமத்ராவின் மேற்குக் கரைக்கு வெளியே வரிசையாகக் கிடக்கிற இந்தத் தீவுகள், அகழிக்குள் (தட்டு கீழே நுழைகிற இடத்தில் கடலடியில் இருக்கும் ஆழமான பள்ளம்) இறங்கும் தட்டின்மேல் இருந்து சுரண்டப்பட்டுக் குவிந்த ஆப்பின் தலைகள்தான். அந்தமான், நிக்கோபாரும் அதே வரிசை. 2005 மார்ச் 28-ல் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது நியாஸின் கரை சில இடங்களில் 3 மீட்டர் வரை உயர்ந்தது, கடலுக்குள் இருந்த பவளப்பாறை வெளியே வந்து வெயிலில் காய்ந்தது. பெட்டியில் முக்கோணம் எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மணலில் ஒரு விஷயம் வராது, நிலநடுக்கம். மணல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறது, பாறையோ பல நூறு வருடம் சிக்கிக்கொண்டு வளைந்து, ஒரே நாளில் விடுபடுகிறது. 2004 டிசம்பர் 26-ல் நடந்தது அதுதான். சிமெலுவேயிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு விளிம்பு விடுபட்டது, அளவு 9.1. நம் நேரப்படி காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் நடந்த அந்த நடுக்கத்தின் அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு பிற்பகலில் பினாங்கின் வடக்கு, மேற்குக் கரைகளுக்கு வந்தது. பினாங்கு மாநிலத்தில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். நடுவில் இவ்வளவு மணிநேரம் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எரிமலையும் மணலில் வராது. அதற்கு ஒரு வெட்டுப்படம் வரைந்து அக்ரிலிக்கின் பின்பக்கம் ஒட்டிவைத்தேன். பலரும் நினைக்கிற மாதிரி கீழே போன தட்டு அப்படியே உருகி மேலே வருவதில்லை. பெரும்பாலும் நடப்பது வேறு. தட்டோடு கூடவே போன நீர் சுமார் 100 கி.மீ. ஆழத்தில் பாறையிலிருந்து வெளியேறி மேலே உள்ள மேன்டிலுக்குள் (புவியோட்டுக்கு அடியில் உள்ள சூடான பாறை) கசிகிறது, நீர் கலந்தால் பாறையின் உருகுநிலை குறைந்துவிடும், அங்கே பாறைக்குழம்பு பிறக்கிறது. அதனால்தான் எரிமலைகள் அகழியை ஒட்டி இல்லாமல், உள்ளே தள்ளி ஒரே வரிசையில் நிற்கின்றன. தோபா ஏரியும் அந்த வரிசையில்தான் இருக்கிறது, சுமார் 100 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலம். சுமார் 74,000 ஆண்டுக்கு முன் வெடித்ததில் உள்ளே விழுந்த வாய் அது. அந்தச் சாம்பல் பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில் இன்னும் வெள்ளை அடுக்காக இருக்கிறது, ஆந்திராவின் கர்நூல் பக்கத்திலும் கிடைத்திருக்கிறது.

அடுத்தது விலகுகிற எல்லை. இதற்குப் பெட்டியின் அடியில் மிதிவண்டி டியூபை நெடுக வெட்டி விரித்து, இரண்டு முனையையும் இரண்டு பலகையில் ஆணி அடித்து, பலகைகளை எதிரெதிராக இழுக்க வேண்டும். ரப்பர் நீள நீள மேலே உள்ள மணல் மெலிகிறது, நடுவில் ஒரு துண்டு சட்டென்று கீழே இறங்குகிறது. இந்த முறை பிளவுகள் செங்குத்தாக இருக்கும், சுமார் 60 பாகை, மோதல் எல்லையில் பார்த்ததற்கு இரண்டு மடங்கு. மோதும்போது பிளவு படுத்துக்கிடக்கும், விலகும்போது நிமிர்ந்து நிற்கும், இந்த ஒன்றைக் கவனித்தாலே ஒரு நிலப்பரப்பைப் பார்த்து அங்கே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இறங்கிய துண்டுதான் பிளவுப் பள்ளத்தாக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் தேங்கித்தான் தங்கனீக்கா ஏரி, ஆழம் 1,470 மீட்டர். இன்னும் விலகினால் கடல் உள்ளே வரும், செங்கடல் அப்படித்தான். இன்னும் விலகினால் அட்லாண்டிக். எத்தியோப்பியாவின் அஃபாரில் 2005 செப்டம்பரில் சில வாரத்துக்குள் 60 கி.மீ. நீளத்துக்குத் தரை பிளந்து, சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது, அடியில் பாறைக்குழம்பு புகுந்து அந்த இடைவெளியை நிரப்பியது. தட்டுகள் ஆண்டுக்கு இரண்டு செ.மீ. விலகுகின்றன என்று நாம் சொல்வது சராசரிதான், பூமி அதைக் கணக்காகப் பிரித்துக் கொடுப்பதில்லை.

இங்கே மணலின் எல்லையையும் சொல்ல வேண்டும். அட்லாண்டிக் நடுமுகடு (விலகுகிற எல்லையில் கடலடியில் ஓடும் மலைத்தொடர்) மெதுவாக விலகுகிறது, அதன் உச்சியில் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. கிழக்குப் பசிபிக் முகடு ஆண்டுக்கு 15 செ.மீ. வரை விலகுகிறது, அங்கே அப்படிப் பள்ளத்தாக்கு கிடையாது, வழவழவென்று உயர்ந்த மேடு. நான் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் மணலில் ஒரே பள்ளம்தான் வந்தது, ஏனென்றால் காய்ந்த மணலின் உராய்வுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. அந்த வித்தியாசம் வெப்பத்தால் வருவது. பாறை மேலே வரும்போது அழுத்தம் குறைவதாலேயே உருகுகிறது, வேகமாக விலகும் இடத்தில் அடியில் எப்போதும் சூடான குழம்பு இருக்கும். சூடு இல்லாத பெட்டியில் அதைத் தேடக்கூடாது.

மூன்றாவது ஓட்டத்தில்தான் அம்மா உள்ளே வந்தார். பக்கவாட்டில் உரசும் எல்லைக்கு இரண்டு பிளைவுட் பலகைகளை ஒட்டிவைத்து, மேலே 2 செ.மீ. மணல் தூவி, ஒரு பலகையை நீளவாக்கில் இழுக்க வேண்டும். மேற்பரப்பில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கக் கட்டம் போட வேண்டும். ஆய்வகங்களில் இதற்குப் புள்ளி அச்சிடுவார்கள், எங்கள் வீட்டில் எழுபது வயதிலும் வாசலில் தினமும் புள்ளி வைக்கிற கை இருக்கிறதே. அம்மா வெள்ளைப் பொடியைக் கிள்ளி, விரல் அகல இடைவெளியில் 15-க்கு 15 நேர்ப்புள்ளி வைத்தார். அளவுகோல் வைத்துப் பார்த்தேன், எந்த இடைவெளியும் ஒரு மி.மீ.க்கு மேல் பிசகவில்லை.

இழுத்ததும் நேர்க்கோடாக ஒரு பிளவு வரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். வராது. முதலில் புள்ளிகளின் வரிசை நடுவில் லேசாக வளைகிறது, அப்புறம் பலகை விளிம்புக்குச் சுமார் 15 பாகை சாய்வாகச் சின்னச் சின்னப் பிளவுகள் படிக்கட்டு வரிசையில் தோன்றுகின்றன, இன்னும் இழுத்தால் அவை ஒன்றோடொன்று இணைந்து கடைசியில்தான் ஒரே நீளப் பிளவாகிறது. 1929-ல் ரீடல் என்பவர் களிமண்ணில் இதைப் பார்த்து எழுதினார், இன்றைக்கும் அந்தச் சாய்வுப் பிளவுகளுக்கு அவர் பெயர்தான். “இதென்னடா, புள்ளியெல்லாம் நடந்து போகுது” என்றார் அம்மா. ஏழாவது வரிசைப் புள்ளி எட்டாவது வரிசைக்கு எதிரே வந்து நின்றது. 1906-ல் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நகர்ந்தபோது வேலிகளும் சாலைகளும் இப்படித்தான் தங்கள் மறுபாதியை விட்டு விலகி நின்றன, சில இடங்களில் 6 மீட்டர் வரை.

சுமத்ராவின் முதுகில் இதே மாதிரி ஒரு பிளவு இருக்கிறது. பண்டா ஆச்சேயிலிருந்து தெற்கே செமாங்கோ குடா வரை சுமார் 1,900 கி.மீ., புக்கிட் பாரிசான் மலைத்தொடரை நெடுகக் கீறிக்கொண்டு போகிறது. பிளவின் ஒரு பக்கம் நின்று பார்த்தால் எதிர்ப்பக்கம் வலப்புறமாக நகரும். புக்கிட்திங்கிக்குச் சுற்றுலா போகிறவர்கள் சியானோக் பள்ளத்தாக்கின் ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள், அவர்கள் காலுக்குக் கீழே ஓடுவது இந்தப் பிளவுதான்.

பிளவு நேராக இல்லாமல் ஓர் இடத்தில் படி மாறினால் என்ன ஆகும்? பலகைகளின் விளிம்பை நடுவில் ஒரு படி வைத்து வெட்டிக்கொண்டேன். வலப்புறம் நகர்கிற பிளவு வலப்பக்கமே படி மாறினால், அந்தப் படியில் தரை இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டு ஒரு நீளச்சதுரப் பள்ளம் இறங்குகிறது. அம்மாவின் புள்ளிகளில் மூன்று அந்தப் பள்ளத்துக்குள் போய்விட்டன. மேற்குச் சுமத்ராவின் சிங்காராக் ஏரி இப்படி உண்டானதுதான். சாக்கடலும் இதே முறை, அங்கே நகர்வு இடப்புறம், படியும் இடப்புறம்.

இப்போது இதையே பெரிதாக நினைத்துப் பாருங்கள். சுமத்ராவின் பிளவு வடக்கே கடலுக்குள் இறங்கிப் போகிறது, மியன்மாரில் அதே திசையில் உரசும் சகாயிங் பிளவு இன்னும் கிழக்கே தள்ளி ஓடுகிறது, 2025 மார்ச் 28-ல் மண்டலே பக்கம் 7.7 அளவில் நடுங்கியது அதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வலப்படிதான் அந்தமான் கடல். படி அவ்வளவு பெரிதாக இருப்பதால் தரை வெறுமனே இறங்கி நிற்கவில்லை, முழுவதுமாகப் பிளந்து, சுமார் 40 லட்சம் ஆண்டாக நடுவில் புதிய கடல்தரை பிறந்துகொண்டிருக்கிறது. உரசுகிற எல்லை ஒன்று படி மாறிய இடத்தில் விலகுகிற எல்லையைப் பெற்றெடுத்திருக்கிறது. மூன்று வகை என்று தனித்தனியாகப் படித்தால் இந்த உறவு தெரியவே தெரியாது.

கடைசி ஓட்டத்துக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். தட்டின் திசையை மாற்றவே இல்லை, விளிம்பை மட்டும் வளைத்தேன். அகலமான மேசைமேல் ஷீட்டை விரித்து, 3 மி.மீ. பிளைவுட்டில் வரைபடம் பார்த்து ஜாவா, சுமத்ரா, அந்தமான் அகழியின் வளைவை வெட்டி ஷீட்டின்மேல் வைத்து, மேசையோடு இறுக்கினேன். ஷீட் வடக்கு நோக்கி நேராக இழுபடும். ஜாவா அகழி கிழக்கு மேற்காகக் கிடப்பதால் அங்கே மோதல் நேருக்கு நேர், சுமத்ராவில் விளிம்பு சாய்வு, அந்தமானில் விளிம்பே கிட்டத்தட்ட வடக்கு தெற்கு என்பதால் பெரும்பாலும் உரசல். சுமத்ரா நீளத்துக்கு மட்டும், பிளைவுட் விளிம்பிலிருந்து உள்ளே நான்கு விரல் அகலத்துக்கு, பிள்ளைகள் விளையாடுகிற ஸ்லைமை மெல்லிய பட்டையாகப் பரப்பினேன். எரிமலை வரிசை உள்ள இடத்தில் ஓடு சூடாகி இளகியிருக்கும், அந்தப் பலவீனத்துக்கு இது ஈடு. அதன்மேல் எல்லா இடத்திலும் மணல், மேலே புள்ளிகள்.

ஸ்லைம் இருப்பதால் மிக மெதுவாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் அது இறுகிக்கொண்டு வழுக்காது. இழுத்துவிட்டு நிறுத்தி, புகைப்படம் எடுத்து, மறுபடி கொஞ்சம் இழுத்து என்று ஒரு மாலை முழுக்கப் போனது. ஜாவா பக்கம் வெறும் மோதல் மேடுகள், புள்ளிகள் நெருங்கின, பக்கவாட்டில் விலகவில்லை. சுமத்ரா பக்கம் முன்னால் அதே மேடுகள், ஆனால் பின்னால், ஸ்லைம் முடிகிற கோட்டில், தனியாக ஓர் உரசல் பிளவு! சாய்வான ஒரே தள்ளலை மணல் இரண்டாகப் பிரித்துக்கொண்டது, மோதல் பங்கு அகழியில், உரசல் பங்கு உள்ளே. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய பட்டை அப்படியே வடமேற்காக நகர்ந்தது. அது நகர்ந்துபோன தென்முனையில், சுமத்ராவும் ஜாவாவும் சேர்கிற இடத்தில், மணல் இழுபட்டு மெல்லிய விரிசல்கள் திறந்தன. அந்த இடம் சுந்தா நீரிணை. அங்கேதான் கிரக்கத்தாவ் எரிமலை இருக்கிறது, 1883-ல் வெடித்து 36,000-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் கொண்டுபோன அதே மலை.

அக்கா மகள் மூன்று வண்ணக் குச்சிகள் எடுத்து, மோதுகிற இடத்தில் சிவப்பு, உரசுகிற இடத்தில் மஞ்சள், விலகுகிற இடத்தில் நீலம் என்று குத்தினாள். மூன்று வண்ணமும் இரண்டு கைக்கு நடுவில் அடங்கியது. நான் சுற்றியது ஒரே கைப்பிடி, ஒரே திசை. நான் காட்ட நினைத்தது இவ்வளவுதான்.

கணக்கு கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். பெட்டி ஓட்டங்களில் (வளைவு வெட்டிய மேசைக்கு இந்த அளவு பொருந்தாது) 1 செ.மீ. என்பது 1 கி.மீ., சுமத்ராவுக்குக் கீழே தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. போகிறது, அப்படியானால் நான் 1 செ.மீ. இழுத்தால் 20,000 ஆண்டு. கையளவு இழுப்பில் தோபா வெடித்த காலத்தைத் தாண்டிப் பின்னால் போய்விடலாம்.

சமூக மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்டியபோது ஒரு பையன், “அப்ப நம்ம பினாங்குல ஒண்ணும் இல்லையா சார்?” என்று ஏமாற்றத்தோடு கேட்டான். இப்போது இல்லை, நாம் தட்டின் உள்பகுதியில் இருக்கிறோம். ஆனால் புக்கிட் பெண்டேராவில் (பினாங்கு மலை) ரயில் ஏறும்போது இரண்டு பக்கமும் தெரிகிற கருங்கல் சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன் ஆழத்தில் குழம்பாக இருந்து உறைந்தது. அப்போது தீபகற்பத்தின் நடுவில் ஒரு கடல் மூடிக்கொண்டிருந்தது, இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டின. அந்தத் தையல் பெந்தோங், ராவுப் வழியாகத் தீபகற்பத்தை நெடுக ஓடுகிறது, அங்கே சாலை வெட்டிய இடங்களில் ஆழ்கடல் நுண்ணுயிர்களின் ஓடு நிறைந்த கடினமான பாறை கிடைக்கிறது. கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் பக்கம் போனவர்கள் எல்லாரும் ஒரு பழைய தட்டு எல்லைக்குப் போய் வந்தவர்கள்தான். பையன் முகம் மாறியது. அவன் தாத்தா வீடு ராவுபில் இருக்கிறதாம்.

செய்கிறவர்களுக்கு மிச்சக் குறிப்புகள். புகைப்படத்துக்கு விளக்கை ஒரு பக்கம் தாழ வைத்தால்தான் மேடு பள்ளம் நிழலோடு தெரியும், தலைக்குமேல் விளக்கு உதவாது. அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறி மணல் ஒட்டிக்கொள்ளும், ஈரத்துணியால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். பக்கச் சுவரை ஒட்டி உராய்வு அதிகம் என்பதால் அங்கே தெரிகிற பிளவு கொஞ்சம் வளைந்திருக்கும், உண்மையான வடிவம் வேண்டுமென்றால் ஓட்டம் முடிந்ததும் மேலிருந்து மெல்லத் தண்ணீர் தெளித்து, மணல் நனைந்து இறுகியபின் நடுவில் அட்டையால் வெட்டிப் பாருங்கள். வண்ணம் கலந்த மணலைக் கொட்டிவிடாதீர்கள், காயவைத்து வறுத்துச் சலித்தால் அடுத்த முறை சாம்பல் நிற அடியடுக்காகப் போடலாம், மேலே மட்டும் புதுப்பொடி போதும். பெட்டி இப்போது மண்டபத்து அலமாரியில் இருக்கிறது, வளைவுப் பலகையும் அதோடு வைத்திருக்கிறேன், ஸ்லைம் மட்டும் அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.